மரங்கள் பூத்து நிற்கின்றன, முன்னறிவிப்பு மைனஸ் 3: நான்கு நாள் அவகாசத்தில் என்ன செய்யலாம்?

சரிவுத்தோட்டம் (திங்கள், மாலை)

வணக்கம். இடம் 1600 மீட்டர் உயரத்தில், கிழக்கு பார்த்த மலைச்சரிவு, மொத்தம் ஒரு ஹெக்டேர். மேல் பகுதியில் ஆப்பிள். மொட்டுகள் இளஞ்சிவப்பாகி விரியும் தறுவாயில் இருக்கின்றன. அடியில் ஓடையை ஒட்டிக் குழிவான பகுதி, சுமார் 3000 சதுர மீட்டர். அங்கே இருப்பது முன்கூட்டியே பூக்கும் ரகம், பாதிக்கு மேல் மலர்ந்துவிட்டது. ஓரத்தில் இருபது ஆப்ரிகாட் மரங்கள், பிஞ்சு பட்டாணி அளவில். மூன்று வாரமாக அடித்த வெயிலில் எல்லாமே இரண்டு வாரம் முந்திக்கொண்டன.

முன்னறிவிப்பு இது: புதன் மழை. வியாழன் குளிர்காற்றோடு மழை அல்லது பனிப்பொழிவு. வெள்ளி பகலில் மேகம், இரவில் காற்று. சனி இரவு வானம் தெளிவு, காற்று இல்லை, மைனஸ் 3. ஞாயிறு இரவும் அப்படியே. வியாழனன்று பூஜ்ஜிய டிகிரி மட்டம் (காற்றின் வெப்பநிலை 0 டிகிரியாக இருக்கும் உயரம்) 1900 மீட்டரில் இருக்கும் என்கிறார்கள்.

கையில் இருப்பவை: 60,000 லிட்டர் தொட்டி, ஓடையிலிருந்து மணிக்கு 3000 லிட்டர் ஏற்றும் பம்ப், குழிவுப் பகுதிக்கு மட்டும் மரத்துக்கு மேலே நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர்கள் (மணிக்கு 3 மி.மீ.), மற்ற இடத்துக்குச் சொட்டுநீர்.

கேள்விகள்: பூஜ்ஜிய மட்டம் 1900 என்றால் 1600இல் மழைதானே பெய்யும்? எந்த இரவு ஆபத்து? தண்ணீர் போதுமா? ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகை போட்டால் போதும் என்று சிலர் சொல்வது உண்மையா?

---

காற்றுவாக்கில் (திங்கள், இரவு)

முதலில் பனி மழைக் கணக்கு. விழும் பனி பூஜ்ஜிய மட்டத்தைத் தாண்டியதும் உடனே கரைந்துவிடாது. பொதுவாக இன்னும் 200 முதல் 400 மீட்டர் வரை கீழே வந்துதான் முழுமையாகக் கரையும். ஆகவே 1900 என்ற எண்ணுக்கு உங்கள் பனிக்கோடு 1500 முதல் 1700 வரை. நீங்கள் சரியாக நடுவில் இருக்கிறீர்கள். காற்று வறண்டிருந்தால் கோடு இன்னும் கீழே இறங்கும், ஏனென்றால் பனித்துகள் ஆவியாவதாலும் கரைவதாலும் தன்னைச் சுற்றியுள்ள காற்றைத் தானே குளிர்விக்கிறது.

குறுகிய பள்ளத்தாக்கு என்றால் இன்னொரு சிக்கல். 10 மி.மீ. தண்ணீருக்குச் சமமான பனி கரைய ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3.3 மெகாஜூல் வெப்பம் வேண்டும். அது 600 மீட்டர் தடிமனுள்ள காற்றை 5 டிகிரி குளிர்விக்கப் போதும். அகன்ற வெளியில் காற்று வந்து கலந்து ஈடுகட்டிவிடும். இரு பக்கமும் மலை அடைத்த பள்ளத்தாக்கில் கலக்கவும் காற்றில்லை, அடியில் இடம் குறுகுவதால் குளிர்விக்க வேண்டிய காற்றின் அளவும் குறைவு. அதனால்தான் கனமான மழை இரண்டு மூன்று மணி நேரம் நின்று பெய்தால், முன்னறிவிப்பில் இல்லாத பனி பள்ளத்தாக்கின் அடிவரை இறங்குகிறது. அங்கே தூறலாக இருந்தால் மழை, கொட்டினால் பனி. வியாழனன்று மழையின் வேகத்தைக் கவனியுங்கள்.

இப்போது இரவுகள். வருவது ஒரே குளிர் அல்ல, இரண்டு வேறு குளிர்கள்.

வியாழன், வெள்ளி இரவுகளில் வருவது காற்றோடு வரும் குளிர். வடக்கிலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்றுத்திரள் மலை முழுவதையும் மூடுகிறது. மேலே போகப் போகக் குளிர் கூடும். மேடு மோசம், பள்ளம் பரவாயில்லை. மேகமும் காற்றும் இருப்பதால் வெப்பநிலை ஒரு அளவுக்குமேல் விழாது. பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்கும்.

சனி, ஞாயிறு இரவுகளில் வருவது கதிர்வீச்சுக் குளிர். வானம் தெளிந்து காற்று அடங்கியதும் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழக்கிறது. சதுர மீட்டருக்கு 70 முதல் 90 வாட் வரை. நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, சரிவில் தண்ணீர் போல வழிந்து குழிவில் தேங்கும். இப்போது கணக்கு தலைகீழ்: பள்ளம் மோசம், சரிவின் நடுப்பகுதி பரவாயில்லை. ஒரு பக்கத் தகவல்: இப்படித் தேங்கும் குளிருக்குப் பெயர்பெற்ற இடம் ஆஸ்திரியாவின் குரூன்லோக் என்ற மலைக்குழி. சுமார் 1270 மீட்டர் உயரம்தான். 1932இல் அங்கே மைனஸ் 52.6 டிகிரி பதிவானது. உயரத்தைவிடக் குழியின் வடிவம்தான் காரணம்.

சனி இரவுக்கு மைனஸ் 3 என்றால் அது திறந்த சமவெளிக்கான எண். உங்கள் குழிவில் மைனஸ் 5 ஆகலாம். வியாழன் விழுந்த பனி சனிவரை தரையில் கிடந்தால் இன்னும் கீழே போகும்: பனிப்போர்வை, மண்ணிலிருந்து மேலே வரும் வெப்பத்தை அடைத்துவிடும்.

மாலை 5 மணிக்குப் பனிநிலையைப் பாருங்கள், அதாவது காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை. அது பூஜ்ஜியத்தை ஒட்டியிருந்தால், இரவில் வெப்பநிலை அங்கே வந்ததும் ஈரம் படிந்து வெப்பத்தை வெளிவிடும், வீழ்ச்சி மெதுவாகும். பனிநிலை மைனஸ் 8 என்றால் அந்தத் தடுப்பு இல்லை. தரையில் வெள்ளையாக எதுவும் படியாது, மரம் மட்டும் கருகும். வெண்பனி தெரியவில்லையே என்று நிம்மதியாகத் தூங்கிவிடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

தெர்மாமீட்டரைக் கண்டிப்பாகச் சரிபார்க்கவும். நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்து, கலக்கிவிட்டு, முனையை ஐந்து நிமிடம் வையுங்கள். பூஜ்ஜியம் காட்ட வேண்டும். 1 டிகிரி பிழைகூட இங்கே பெரிய விஷயம். ஒன்று குழிவின் அடியில், ஒன்று சரிவின் நடுவில், இரண்டும் தரையிலிருந்து ஒன்றரை மீட்டரில். முடிந்தால் குழிவிலேயே 10 மீட்டர்க் கம்பத்தின் உச்சியில் மூன்றாவது.

---

ஈரக்குமிழ் (செவ்வாய், காலை)

வானிலையை மேலே உள்ளவர் பிரித்துக் காட்டிவிட்டார். நான் தண்ணீருக்கு வருகிறேன், ஏனென்றால் அதிகம் பேர் தோட்டத்தைத் தாங்களே கொன்றுகொள்வது அங்கேதான்.

முதலில் தாங்கும் எல்லைகள். இவை அரை மணி நேரம் நீடித்தால் ஏற்படும் சேதம். ஆப்பிள் இளஞ்சிவப்பு மொட்டிலிருந்து முழுப் பூ வரை மைனஸ் 2.2இல் பத்தில் ஒன்று சாகும். முழுப் பூவில் மைனஸ் 3.9இல் பத்தில் ஒன்பது. இடையில் இருப்பது வெறும் 1.7 டிகிரி. மொட்டு பச்சை நுனி காட்டும் கட்டத்தில் இதே மரம் மைனஸ் 7.8 வரை தாங்கியிருக்கும். மூன்று வார வெயில் அந்தக் கவசத்தைக் கழற்றிவிட்டது. 2021 ஏப்ரல் தொடக்கத்தில் பிரான்சில் திராட்சையும் பழமரங்களும் அடிவாங்கியதும் இதே வரிசையில்தான்: மார்ச் இறுதியில் அசாதாரண வெப்பம், உடனே உறைபனி. உங்கள் ஆப்ரிகாட் பிஞ்சு பூவைவிட மென்மையானது, மைனஸ் 1க்குக் கீழே போனாலே கவலைப்படுங்கள்.

தெளிப்பு எப்படி வேலை செய்கிறது? ஒரு கிலோ தண்ணீர் உறையும்போது 334 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். அது பூவைப் பூஜ்ஜியத்தில் வைத்திருக்கும். ஐஸ் போர்வை காப்பாற்றுகிறது என்பது தவறு. உறைந்துகொண்டே இருப்பதுதான் காப்பாற்றுகிறது. ஈரத்தன்மை தொடர வேண்டும். மறுபக்கம், ஒரு கிலோ தண்ணீர் ஆவியானால் சுமார் 2500 கிலோஜூல் பிடுங்கிக்கொள்ளும். அதாவது ஒரு துளி ஆவியானால் ஈடுகட்ட ஏழரைத் துளி உறைய வேண்டும். தெளிப்பின் எல்லாத் தோல்விகளும் இந்த ஒரு விகிதத்திலிருந்து வருபவை.

அதனால் வியாழன், வெள்ளி இரவுகளில் தெளிப்பான் பக்கமே போக வேண்டாம். காற்று விநாடிக்கு 2, 3 மீட்டருக்கு மேல் வீசினால் ஆவியாதல் வென்றுவிடும். நனைந்த பூ, நனையாத பூவைவிடக் குளிரும்.

தொடங்கும் நேரம். காற்றின் வெப்பநிலையைப் பார்த்துத் தொடங்கக் கூடாது, ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது நனைந்த பொருள் ஆவியாதலால் குளிர்ந்து இறங்கும் வெப்பநிலை, பூஜ்ஜியத்துக்கு வரும்போது தொடங்க வேண்டும். முதல் துளி விழுந்ததும் பூ அந்த வெப்பநிலைக்குத்தான் இறங்கும். 1600 மீட்டர் உயரக் காற்றழுத்தத்துக்குக் கணக்கிட்டால்: பனிநிலை பூஜ்ஜியம் என்றால் காற்று 0 டிகிரியில் தொடங்கலாம். பனிநிலை மைனஸ் 3 என்றால் 2.2 டிகிரியில். மைனஸ் 6 என்றால் 4 டிகிரியில். மைனஸ் 9 என்றால் 5.4 டிகிரியில், அதாவது இரவு பத்து மணிக்கே. சமவெளிக்கான அட்டவணையை மலையில் பயன்படுத்தினால் தாமதமாகத் தொடங்குவீர்கள். அழுத்தம் குறைந்த இடத்தில் ஈரக்குமிழ் இன்னும் கீழே இறங்கும்.

நிறுத்தும் நேரம். சூரியன் வந்துவிட்டது என்பது காரணம் ஆகாது. ஈரக்குமிழ் பூஜ்ஜியத்தைத் தாண்டியிருக்க வேண்டும். ஐஸ் கிளையிலிருந்து கழன்று விழ வேண்டும். கிழக்குச் சரிவு என்பதால் 8 மணிக்கே முடியலாம், 9 வரை கணக்கு வையுங்கள்.

இப்போது உங்கள் தொட்டி. மணிக்கு 3 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 3 லிட்டர். 3000 சதுர மீட்டருக்கு மணிக்கு 9000 லிட்டர். இரவு 11 முதல் காலை 9 வரை பத்து மணி நேரத்துக்கு 90,000 லிட்டர். தொட்டியில் 60,000, அதோடு பம்ப் இரவிலும் ஓடினால் 30,000. காகிதத்தில் சரியாகப் பொருந்துகிறது. காகிதத்தில் மட்டும்தான். ஞாயிறு இரவுக்குள் நிரப்பப் பதினான்கு மணி நேரம்தான் இருக்கும், 42,000 லிட்டர் ஏறும். அன்றிரவு விடியற்காலை 6 மணிக்கு, மிகக் குளிரான நேரத்தில், தண்ணீர் தீரும். பாதியில் நின்ற தெளிப்பு, தொடங்காத தெளிப்பைவிட மோசம்.

ஆகவே பாதிப் பரப்பை விட்டுவிடுங்கள். 1500 சதுர மீட்டருக்கு மணிக்கு 4500 லிட்டர், பத்து மணி நேரத்துக்கு 45,000. பம்ப் ஓடாவிட்டாலும் ஓர் இரவு தாங்கும். ஓடினால் இரண்டு இரவும் நிம்மதி. எந்தப் பாதி? பூ அதிகமுள்ள, மிகப் பள்ளமான பாதி. மற்றப் பாதியின் வால்வை இன்றே மூடிச் சோதியுங்கள். அழுத்தம் ஏறித் துளி மூடுபனி போலச் சிதறினால் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். சிறு துளி கிளையை அடையும் முன்பே ஆவியாகிறது.

ஓடும்போது கவனிக்க வேண்டிய அடையாளம் ஒன்று: கண்ணாடி போலத் தெளிந்த ஐஸ், நுனியில் சொட்டும் நீர் என்றால் நன்றாக ஓடுகிறது. பால் போல வெளுத்த ஐஸ் என்றால் தண்ணீர் போதவில்லை. இத்தாலியின் தெற்கு டிரோல் ஆப்பிள் தோட்டங்களின் வசந்தகாலப் படங்களில் பூக்கள் பளிங்குக்குள் இருப்பது போலத் தெரிவது முதல் வகை. 3 மி.மீ. அளவு, காற்றில்லாதபோது, மைனஸ் 3, மைனஸ் 4 வரைதான் நம்பகமானது. அதற்குக் கீழே போனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன பழுதாகும்: வடிகட்டியில் ஓடைக் குப்பை அடைக்கும் (மழைக்குப் பிறகு கலங்கல் நீர், கவனம்). சுழலும் தெளிப்பானின் சுருள்வில்லில் ஐஸ் பிடித்துச் சுழற்சி நிற்கும். ஒரு சுற்று ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தால் இடைவெளியில் உறைந்து ஆறிவிடும், 30 விநாடிதான் நல்லது. ஐஸ் பாரத்தில் கிளை முறியும், கனத்த கிளைகளுக்கு முன்கூட்டியே முட்டு கொடுங்கள்.

---

சரிவுத்தோட்டம் (செவ்வாய், மதியம்)

மிக்க நன்றி. பாதியை மூடிச் சோதித்தாயிற்று. அழுத்தம் ஏறத்தான் செய்தது, திருப்பு குழாயில் கொஞ்சம் திறந்துவிட்டதும் துளி பழைய அளவுக்கு வந்தது. இரண்டு சந்தேகம் பாக்கி. குழிவின் கீழ் எல்லையில் ஓடையை ஒட்டி 2 மீட்டர் உயர வேலிச்செடி, அடர்த்தியாக இருக்கிறது. அதைத் தொடலாமா? அப்புறம், ஆப்ரிகாட்டுக்குத் தெளிப்பான் எட்டாது. புகைதானா வழி?

---

பழையமுறை (செவ்வாய், மாலை)

புகையைக் கேலி செய்ய வேண்டாம். மேகம் இருக்கும் இரவில் உறைபனி விழுவதில்லை. புகையும் ஒரு மேகம்தான். ஈர வைக்கோலும் இலைச்சருகும் காற்றுத் திசை பார்த்து நான்கு மூலையிலும் போட்டால் பலன் உண்டு.

---

காற்றுவாக்கில் (செவ்வாய், இரவு)

மேகம் காப்பாற்றும் என்பது சரி, புகை மேகம் என்பது சரியல்ல. மேகத்துளியின் விட்டம் பொதுவாகப் பத்து மைக்ரான் அளவு. நிலம் இழக்கும் வெப்பக்கதிரின் அலைநீளமும் அதே அளவில் இருப்பதால் துளி அதைப் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. புகைத்துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழே. கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறைக்கும், வெப்பக்கதிர் அதனூடே போய்விடும். பார்ப்பதற்கு அடர்த்தியாக இருப்பதால் வேலை செய்வதாகத் தோன்றுகிறது. விடிந்ததும் அதே புகை வெயிலை மறைத்துக் குளிர் நேரத்தை நீட்டும். பலன் கிடைத்ததாகச் சொல்லப்படும் இடங்களில் வேலை செய்தது தீயின் சூடு.

சூடுதான் வேண்டும் என்றால் பெரிய நெருப்பு கூடாது. பெரிய நெருப்பின் சுடுகாற்று மேலே உள்ள வெதுவெதுப்பான காற்று அடுக்கைத் துளைத்துக்கொண்டு போய்விடும். அந்த இடத்துக்குப் பக்கத்திலிருந்து குளிர்காற்று ஓடிவரும். நிறையச் சிறு நெருப்புகள் வேண்டும். தகர டப்பாவில் வரும் பெரிய பாரஃபின் மெழுகுதிரிகள் இதற்கென்றே உள்ளவை: ஹெக்டேருக்கு 200 முதல் 400 வரை வைக்கிறார்கள், குளிரின் கடுமையைப் பொறுத்து. இருபது ஆப்ரிகாட் மரத்துக்குத் தோராயமாக மரத்துக்கு ஒன்று, வெளி ஓரத்தில் கூடுதலாக ஐந்தாறு. விளிம்பில்தான் குளிர் நுழைகிறது. கிளைக்கு நேர் கீழே வேண்டாம், இரண்டு மரத்துக்கு நடுவில் வையுங்கள். மூடி போட்டு அணைத்து வைத்தால் மிச்சம் ஞாயிறு இரவுக்கு ஆகும்.

மரங்கள் சிறியவை என்றால் மெழுகுதிரியைவிடத் துணி எளிது. சதுர மீட்டருக்கு 30 கிராம் எடையுள்ள நெய்யாத வெள்ளைத் துணி இரண்டு டிகிரி அளவுக்கு உதவும், ஆனால் தரைவரை தொங்கி, ஓரம் மண்ணில் அமுங்கியிருக்க வேண்டும். தண்டோடு சேர்த்துக் கட்டிப் பொட்டலமாக்கினால் மண்ணின் சூடு உள்ளே வராது. அது வெறும் அலங்காரம். பிளாஸ்டிக் தாள் பிஞ்சைத் தொட்டால் தொட்ட இடம் கருகும். வெள்ளிக்கிழமைக் காற்றில் துணி கிழியும், சனி மதியத்துக்குமேல் போர்த்தினால் போதும்.

வேலி: கண்டிப்பாகத் தொடுங்கள். அது அணைக்கட்டு. குளிர்காற்று ஓடைப் பள்ளத்துக்கு வழிந்து போக விடாமல் உங்கள் குழிவில் தேக்குகிறது. மிகத் தாழ்வான இடத்தில் நான்கைந்து மீட்டர் அகலத்துக்கு வழி திறந்துவிடுங்கள். மற்ற இடங்களில் அடிக்கிளைகளைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் வரை கழித்தாலே போதும். அடுக்கி வைத்த கூடைகள், மரக்கட்டைகள் அந்த வழியில் இருந்தால் அகற்றுங்கள். இந்த ஒரு வேலை செலவே இல்லாமல் ஒரு டிகிரி தரலாம், வேறு எதுவும் இவ்வளவு மலிவாகத் தராது.

மரத்தடிப் புல்லை 5 சென்டிமீட்டருக்குக் கீழே வெட்டுங்கள், புதன் மழைக்கு முன்பே. வைக்கோல் மூடாக்கு இருந்தால் ஒதுக்குங்கள். ஈரமான, இறுகிய, வெற்று மண் பகலில் வெப்பத்தைச் சேமித்து இரவில் தரும். மூடாக்கு அதைத் தடுக்கும். மண்ணைக் கிளறவே வேண்டாம், கிளறிய மண்ணில் காற்று புகுந்து அதுவே மூடாக்கு போலாகிவிடும்.

காற்றாலை விசிறி வாடகைக்குக் கிடைக்குமா என்று யாராவது கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: 10 மீட்டர்க் கம்பத்தில் உள்ள தெர்மாமீட்டர், கீழே இருப்பதைவிட இரண்டு டிகிரியாவது அதிகம் காட்டினால்தான் அதற்கு வேலை. மேலே உள்ள வெதுவெதுப்பைக் கீழே கலப்பது மட்டுமே அது செய்வது. ஒரு பெரிய விசிறி 4, 5 ஹெக்டேருக்கானது; உங்கள் அளவுக்கு மிகை. வெள்ளி இரவு போட்டால் குளிரைத்தான் கிளறும்.

---

தேனடை (புதன், காலை)

தேன்பெட்டி வைத்திருந்தால் ஒரு குறிப்பு. மூன்று வார வெயிலில் கூட்டில் புழுக்கள் நிறைந்திருக்கும்; அவற்றை 34, 35 டிகிரியில் வைத்திருக்கத் தேனீக்கள் தேனை எரித்துக்கொண்டே இருக்கும். வெளியே 10 டிகிரிக்குக் கீழே என்றால் அவை பறக்காது, வரத்து நின்றுவிடும். நடுக்குளிர்காலத்தில் தப்பிய கூடு வசந்தக் குளிரில் பட்டினியால் சாவது இப்படித்தான். பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டாம், பின்பக்கம் தூக்கி எடை பாருங்கள். லேசாக இருந்தால் கெட்டியான சர்க்கரைப் பாகுக்கட்டியைச் சட்டங்களுக்கு மேலே நேரடியாக வையுங்கள். குளிர்ந்த சர்க்கரைத் தண்ணீரை அவை எடுக்காது. பெட்டியின் மேல் மூடியில் ஈரம் சொட்டாதபடி லேசாக முன்பக்கம் சாய்த்துவிடுங்கள்.

---

குழாய்வேலை (புதன், காலை)

தெளிப்பைப் பற்றிப் பேசும்போது சொட்டுநீரை மறந்துவிட்டீர்கள். உறையும் தண்ணீர் 9 விழுக்காடு விரியும். பக்கவாட்டுக் குழாய்கள் நெகிழும், தப்பிக்கும். உடைவது வடிகட்டிக் கிண்ணம், அழுத்தமானி, பந்து வால்வு, பம்பின் வார்ப்பிரும்பு உறை. வியாழன் மாலைக்குள் சொட்டுநீர் வரிசைகளின் கடைமூடிகளைத் திறந்து வடித்துவிடுங்கள். பந்து வால்வைப் பாதி திறந்த நிலையில் விடுங்கள். முழுதாக மூடினாலும் திறந்தாலும் பந்துக்குள் சிக்கும் நீர் உடலைப் பிளக்கும். தெளிப்புக்கான பம்ப் சனி இரவு நின்றுவிட்டு மறுபடி ஓடவேண்டி வந்தால், உறிஞ்சுகுழாயின் அடிவால்வு உறையாமல் நீருக்குள் ஆழமாக இருக்கிறதா என்று பாருங்கள். டீசல் என்ஜின் என்றால் எரிபொருள் தொட்டியை முழுவதும் நிரப்பி வையுங்கள், நள்ளிரவில் நிறுத்தி நிரப்பும் நிலை வரக் கூடாது.

---

கவாத்துக்கத்தி (வியாழன், இரவு)

பனி விழத் தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். விழும் பனி பூவைக் கொல்லாது. அது பூஜ்ஜியத்தை ஒட்டிய பனி. கொல்வது பாரம். வசந்தகால ஈரப்பனி 10 சென்டிமீட்டர் படிந்தால் சதுர மீட்டருக்கு 20 கிலோ வரும், இலை விரிந்த மரத்தில் தங்கும் இடமும் அதிகம். நீளக் கைப்பிடித் துடைப்பத்தால் அடிக்கிளையில் தொடங்கி, கீழிருந்து மேலாக மெதுவாகத் தூக்கி உதறுங்கள். மேல்கிளையை முதலில் உதறினால் ஏற்கெனவே வளைந்த அடிக்கிளையில் எல்லாம் வந்து விழும். உறைந்து ஒட்டிவிட்டது என்றால் தொடாதீர்கள், பூவோடு கழன்று வரும்.

சனி மாலைக்குள் பூக்கள் உலர்ந்திருப்பது நல்லது. உலர்ந்த திசு பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் சிறிது நேரம் உறையாமல் தாக்குப்பிடிக்கும். ஈரம் மேலே இருந்தால் அது முதலில் உறைந்து, திசுவுக்குள்ளும் உறைதலைத் தொடங்கிவைக்கும். சூடோமோனாஸ் சிரிஞ்ஜே போன்ற சில பாக்டீரியாக்களும் மைனஸ் 2லேயே ஐஸைத் தொடங்கிவைக்கும். ஆகவே தெளிப்பான் எட்டாத மேல் பகுதியில் சனி பகலில் மரத்தை உலுக்கிப் பனியைத் தட்டிவிடுவது வீண் வேலை அல்ல.

குளிர் முடிந்தபின் பார்க்கும் முறை. ஞாயிறு விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்துப் பயனில்லை. கரைந்து நான்கைந்து மணி நேரம் கழித்துத்தான் நிறம் மாறும். கூர்மையான பிளேடால் பூவை இதழுக்குக் கீழே குறுக்காக வெட்டுங்கள். நடுவில் சூலகம் பச்சையாக இருந்தால் உயிர், பழுப்போ கறுப்போ என்றால் முடிந்தது. இதழ் அழகாக வெள்ளையாக இருப்பதை நம்பக் கூடாது, இதழ் கடைசியில்தான் வாடும். குழிவில் 100 பூ, நடுச்சரிவில் 100 பூ. ஒவ்வொன்றிலும் பாதி தலை உயரத்தில், பாதி எட்டும் அளவு மேலே. ஒரே மரத்தில் அடியில் எல்லாம் செத்து உச்சியில் எல்லாம் பிழைத்திருப்பது சாதாரணம். அடியை மட்டும் பார்த்துவிட்டுத் தோட்டமே போயிற்று என்று சொல்லிவிடுவார்கள்.

ஆப்பிள் கொத்தில் நடுப்பூ முதலில் விரிவதால் அதுதான் முதலில் சாகும். ஓரப் பூக்கள் பிழைத்திருந்தால் காய் சற்றுச் சிறிதாகும், அவ்வளவுதான். பூத்துக் குலுங்கிய ஆப்பிள் மரத்தில் பத்தில் ஒரு பூ காயானாலே முழு விளைச்சல். நூற்றுக்கு எழுபது கறுத்திருந்தாலும் மரம் தப்பித்த கணக்குதான். ஆப்ரிகாட்டுக்கு இந்தத் தாராளம் கிடையாது. ஏற்கெனவே பிஞ்சாகிவிட்டதால் இருப்பதுதான் கையிருப்பு. பிஞ்சை நீளவாக்கில் பிளந்து உள்ளே கொட்டை பால்வெள்ளையாக இருக்கிறதா என்று பாருங்கள். கொட்டை பழுப்பு என்றால் பிஞ்சு இன்னும் பத்து நாள் பச்சையாகத் தொங்கிவிட்டு உதிரும்.

காயை இரசாயனத்தால் குறைக்கும் வேலை திட்டத்தில் இருந்தால் தள்ளிப்போடுங்கள். குளிர்பட்ட இலை மருந்தை அதிகம் உறிஞ்சும், பிழைத்த பிஞ்சும் உதிரும். தழைச்சத்து உரத்தை விளைச்சல் தெரியும்வரை நிறுத்துங்கள். காயில்லாத மரத்துக்குப் போட்டால் வெறும் கொப்பாக விரட்டும். கருகிய நுனிகளை உடனே கவாத்து செய்ய வேண்டாம். மூன்று வாரத்தில் எது துளிர்க்கிறது, எது காய்ந்தது என்று மரமே பிரித்துக்காட்டும். ஆப்பிள் பிஞ்சின் தோலில் இடுப்பைச் சுற்றிப் பழுப்பு வளையம் பின்னால் தெரியலாம். உள்ளே பழம் நன்றாகவே இருக்கும், தரம்பிரிக்கும்போது மட்டும் கீழே போகும். கையால் காய் குறைக்கும் சமயத்தில் அவற்றை முதலில் எடுங்கள்.

---

சரிவுத்தோட்டம் (வெள்ளி, காலை)

இரவு 7 சென்டிமீட்டர் பனி. வேலியில் வழி திறந்தாயிற்று, புல் வெட்டியாயிற்று, சொட்டுநீர் வடித்தாயிற்று, மெழுகுதிரி 26. ஒரே ஒரு கேள்வி: சனி மாலை பனிநிலை மைனஸ் 7 என்று காட்டுகிறது. எத்தனை டிகிரியில் தொடங்குவது?

---

ஈரக்குமிழ் (வெள்ளி, காலை)

நாலரை டிகிரி. அநேகமாக இரவு பத்தரைக்குள் அங்கே வந்துவிடும், எட்டு மணியிலிருந்து கால் மணிக்கொரு முறை பாருங்கள். நான் 11 மணியிலிருந்து கணக்கிட்ட 45,000 லிட்டர் இப்போது 50,000 நெருங்கும். ஆகவே சனி மாலை தொட்டி விளிம்புவரை இருக்கட்டும், பம்பும் இரவு முழுக்க ஓடட்டும். ஞாயிறு மாலைக்குள் பனிநிலை மாறியிருக்கும், எண்ணை அன்றைக்குப் புதிதாகப் பாருங்கள்.